கையைக் கட்ட ஒரு கயிறு

"ஒரு கயிறு வேணும் சாமி. அவரு கையைக் கட்டணும்."

வைரவன் கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. ஞானம் தேடி ஐம்பது வயதில் சிவகங்கைப் பக்கத்து மடம் ஒன்றுக்கு வந்தவர். ஞானத்துக்கு முன்னால் கிடைத்தது பெரியவர் சேவுகனைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பக்கவாதத்தில் பேச்சுப் போன மனிதர். வலது கைக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

குரு உமையாள் வைரவனைவிடப் பத்து வயது இளையவர். சீடரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"கட்டாட்டி என்ன ஆகும்ணே?"

"இன்னொரு அடி விழுந்தா என் கையும் நீண்டுரும் சாமி. அதான் பயமா இருக்கு."

சொல்லும்போதே வைரவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எப்போதிருந்து அடிக்கிறார் என்று உமையாள் விசாரித்தார். போன வெள்ளிக்கிழமையிலிருந்து, ஆறு நாளாக. அதற்கு முன்பு பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தாராம். கஞ்சி ஊட்டினால் கையைப் பிடித்துக்கொள்வாராம்.

"வெள்ளிக்கிழமை என்ன செஞ்சீக?"

வைரவன் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். அன்று அவர் செய்த சேவை கொஞ்சநஞ்சமல்ல. சவரம் செய்தார், தலைக்கு எண்ணெய் வைத்தார், வெந்நீர் வார்த்தார். இடுப்பில் அரைஞாண் கயிறு அழுக்கேறி, தோலைப் புண்ணாக்கிக்கொண்டு கிடந்தது. அதைக் கத்தரித்துத் தூர எறிந்துவிட்டு, புது வேட்டியும் கட்டிவிட்டார்.

உமையாள் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து கயிற்றை வைரவன் கையில் வைத்தார். கறுப்புக் கயிறு, மெல்லிசு.

"இது கைக்குத் தாங்காதே சாமி."

"இடுப்புக்குத் தாங்கும். ஆம்பளைக்கு அந்தக் கயித்த எப்பண்ணே அறுப்பாக?"

வைரவனுக்கு, செத்துப்போன தகப்பனாரைக் கடைசியாகக் குளிப்பாட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அன்றும் எண்ணெய் வைத்தார்கள், அரைஞாணை அறுத்தார்கள். அன்றும் புது வேட்டிதான்.

கயிற்றோடு ஓடினார். இவரைக் கண்டதும் சேவுகன் கையை ஓங்கினார். வைரவன் விலகவில்லை. முதுகுக்குப் பின்னால் கையைவிட்டு, இடுப்பைச் சுற்றி, முடிச்சுப் போட்டார்.

ஓங்கிய கை கீழே இறங்கியது. முடிச்சைத் தடவிப் பார்த்தது. பிறகு வைரவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டு பேரும் அழுதார்கள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்த வைரவன் உமையாள் காலில் விழப் போனார்.

உமையாள் சட்டென்று விலகிக்கொண்டார்.

"எனக்கு எதுக்குண்ணே? ஆறு நாளா உங்களுக்குப் பாடம் சொன்னவரு உள்ள இருக்காரு."