இடப்பக்கத்து விரிப்பு

பழைய கார் வைத்திருக்கும் கோவைக்காரர்கள் ஃபிலோமினாவை டீச்சர் என்றே அழைப்பார்கள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அதற்கு முன் கார்ப் பந்தயங்களில் ஓட்டியவர். நீலாம்பூர் தாண்டி அவருக்கு ஒரு கொட்டகை இருந்தது. அங்கே ஒரு வழக்கம்: வந்த காரை டீச்சர் தொடமாட்டார். கார் யாருடையதோ அவரே கழற்ற வேண்டும், அவரே பூட்ட வேண்டும்.

அங்கே வந்து சேர்ந்த ரங்கராஜ் டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். இறந்துபோன அப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்.

அதில் இரண்டே இருக்கைகள். அவருடைய சின்ன வயதில் ஞாயிறுதோறும் அப்பாவும் அம்மாவும் அதில் ஏறிப் போவார்கள். புழுதி அடங்கியபின் வாசல் கேட்டைச் சாத்துவது அவர் வேலை.

மழைக்காலம் முழுக்கப் பாடுபட்டார். பல்லைக் கடித்துக்கொண்டே துருவைச் சுரண்டினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். ஒருநாள் என்ஜின் உறுமியது.

மறுநாள் காலை கைப்பேசியைப் பெஞ்சில் வீசினார்.

“அம்மா வரமாட்டாங்களாம்.”

டீச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தார். “எங்கே?”

“இதுல ஒரு ரவுண்டு. கேட்டா போனை வெச்சுடறாங்க. இத்தனை மாசம் எதுக்கு டீச்சர் மல்லுக்கட்டினேன்? அம்மா அந்த சீட்டுல உட்காரணும், நான் ஓட்டணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு.”

“அப்பா ஓட்டுவாருன்னு சொன்னீங்களே, அந்த வேகத்துலயா?”

“அதுக்கும் மேலே!”

டீச்சர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

“அவரோட வாராவாரம் ஏறினவங்களுக்கு என்னோட ஒரு தடவை ஏற முடியலை. இன்னிக்கு சிங்காநல்லூர் அம்மா வீட்டுக்குப் போறேன். தூக்கிட்டு வந்தாவது ஏத்தறேன். ஏன் டீச்சர், அவரோட ஏறினாங்க, என்னோட ஏன் மாட்டேங்கறாங்க? நான் என்ன அவ்வளவு கேவலமா?”

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பழைய ரப்பர் விரிப்பு ரெண்டும் எங்கே?”

“குப்பையில. அதான் புதுசு போட்டாச்சே.”

“எடுத்துட்டு வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து தரையில் போட்டார். ஓட்டுபவர் பக்கத்து விரிப்பில், குதிகால் பட்டுப் பட்டு, ஓர் ஓட்டை. இடப்பக்கத்து விரிப்பிலும் ஓர் ஓட்டை. அது இன்னும் பெரிது.

“இந்தப் பக்கம் என்ன பெடல் இருக்கு?”

“அந்தப் பக்கம் ஏது பெடல்? மட்டமான ரப்பர், தேஞ்சுபோச்சு.”

“சாவியைக் குடுங்க.”

டீச்சர் ஒருவருடைய சாவியைக் கேட்டது அதுவே முதல் முறை.

ரங்கராஜ் இடப்பக்கம் ஏறினார். குவாரிச் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. கார் சீறியது. பனைமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. வளைவு வந்தது, வேகம் குறையவில்லை.

“டீச்சர், மெதுவா!”

அவர் திரும்பவில்லை.

“நிறுத்துங்க! சொல்றேன்ல, நிறுத்துங்க!”

டீச்சர் சிரித்தார். இன்னும் அழுத்தினார்.

குவாரிச் சாலை மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில்தான் கார் நின்றது. புழுதி பின்னாலிருந்து வந்து அவர்களை மூடியது.

“பைத்தியமா உங்களுக்கு?” ரங்கராஜ் டாஷ்போர்டை அறைந்தார். “கொன்னிருப்பீங்க! எத்தனை தடவை கத்தினேன், காது கேட்கலையா?”

“கேட்டுச்சு.”

“கேட்டுட்டுமா சிரிச்சீங்க?”

“ஸ்டீயரிங் என் கையில இருந்துச்சே.”

“அதுக்காக? பக்கத்துல இருக்கறவன் மனுஷன் இல்லையா? என்ன திமிர் இது! இனி செத்தாலும் உங்களோட இதுல ஏறமாட்டேன்!”

சொன்ன வாய் அப்படியே நின்றது.

“ரங்கராஜ்,” என்றார் டீச்சர். “உங்க காலைப் பாருங்க.”

குனிந்தார். அவருடைய வலது கால் விறைத்து நீண்டு, புது விரிப்பை இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தூரத்தில் எங்கோ கல் உடைக்கும் சத்தம் கேட்டது.

“சின்ன வயசுல நான் வாசல் கேட் பக்கத்துல நின்னு பார்த்தப்போ,” என்றார் மெல்ல, “அம்மா முன்னால பார்த்துட்டேதான் உட்கார்ந்திருப்பாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. கர்வம்னு நினைச்சேன்.”

டீச்சர் என்ஜினை அணைத்தார்.

“இப்போ நான் என்ன செய்யட்டும் டீச்சர்?”

டீச்சர் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க. சிங்காநல்லூர் பஸ் வரும்.”