பாதி வெற்றிலை

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ஏரிகளுக்கெல்லாம் காவல்காரன் இருந்த காலம். அப்போது குவளைநாட்டைச் சித்திரசேனன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் ஆசை வந்துவிட்டால் அவனை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. ஒரு தடவை பட்டத்து யானைக்குத் தங்க அம்பாரி வேண்டும் என்று ஆசை வந்தது. அடுத்தாற்போல் அந்த யானை குளிக்கப் பளிங்குப் படித்துறை வேண்டும் என்று ஆசை வந்தது. பொக்கிஷம் காலியானதும் வடகரை நாட்டு ராஜாவிடம் கைநீட்டிக் கடன் வாங்கினான். கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது எதைத் தெரியுமா? ஊரே குடிக்கிற, ஊரே உழுகிற பெரிய ஏரியை!

தவணை நெருங்கியது. வடகரைத் தூதன் வந்து விருந்தினர் மாளிகையில் உட்கார்ந்துகொண்டான். தினமும் காலையில் வயிறு முட்டப் பலகாரம் தின்றுவிட்டு, சபைக்கு வந்து, "ஏரி மதகின் சாவி எங்கே இருக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். ராஜாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சிங்காசனத்துக்கும் சாளரத்துக்கும் நடையாய் நடந்தான்.

பொக்கிஷத் தலைவர் மார்த்தாண்டராயர் முன்னால் வந்தார். மந்திரி திருவேகம்பரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, இது என்ன பெரிய காரியம்? நாட்டுக்குக் கஷ்டம் என்றால் மக்கள் உயிரையே கொடுப்பார்கள். தேரடியில் ஒரு பெரிய செப்புக் கொப்பரை வைப்போம், வந்து போடட்டும்."

வைத்தார்கள். ராயர் தேர்ச்சக்கரத்தின் மேல் ஏறி நின்று, "நாட்டுக்காகத் தியாகம் செய்வீர்களா?" என்று கேட்டார். "செய்வோம்!" என்று கோபுரத்துப் புறாவெல்லாம் பறக்கிற மாதிரி கூட்டம் கத்தியது. மறுநாள் கொப்பரையைக் கவிழ்த்தால் உடைந்த வளையலும், செல்லாத செப்புக்காசும், யாரோ தெரியாமல் போட்ட புளியங்கொட்டையும் விழுந்தன.

ராஜாவின் முகம் சிவந்தது.

"வாயால் தருகிற ஜனம்! என்ன செய்யலாம் ராயரே?"

"சவுக்குதான். ஒவ்வொருவனும் தன் சொத்தில் பாதி கொடுக்க வேண்டும். நாடு தவிக்கும்போது பாதி கொடுக்காதவன் துரோகி!"

மந்திரி மெல்லக் கேட்டார்: "ஒவ்வொருவனும் என்றா சொன்னீர்கள், ராயரே?"

"ஆமாம், ஒவ்வொருவனும்! இதில் உமக்கு என்ன சந்தேகம்?"

"சந்தேகம் தீர்ந்தது. மகாராஜா, சவுக்கு ஒரு நாள் பொறுக்கட்டும். நாளைக்கு நானும் கொப்பரை வைத்துப் பார்க்கிறேன்."

"அதுவும் புளியங்கொட்டையோடு வந்தால்?" என்றான் ராஜா.

"என் பதவியை ராயருக்கே கொடுத்துவிடுங்கள்."

ராயர் அப்போதே மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று மாலை ஊரெங்கும் பறை அறைந்தார்கள். "யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம்! வேடிக்கை பார்க்க வந்தால் போதும்!" வேடிக்கை என்றால் விடுவார்களா? மறுநாள் தேரடியில் எள் போட இடமில்லை. ராஜாவும் வந்து உட்கார்ந்திருந்தான். அங்கே ஒன்றுக்கு இரண்டாகக் கொப்பரைகள் இருந்தன.

"இது அரண்மனைக் கொப்பரை, அது ஊர்க் கொப்பரை," என்றார் மந்திரி. "அரண்மனை முதலில் போடும். ஊர் பார்க்கும். பிறகு ஊரின் இஷ்டம். நேற்றுச் சபையில் நம் பொக்கிஷத் தலைவர், ஒவ்வொருவனும் சொத்தில் பாதி தர வேண்டும் என்றார். அந்த உத்தமரே தொடங்கி வைக்கட்டும்!"

ராயருக்கு வியர்த்தது. விரலிலிருந்த மோதிரங்களில் சின்னதாக ஒன்றைக் கழற்றிப் போட்டார். 'டிங்' என்றது.

கூட்டத்திலிருந்து வெற்றிலைக்காரி செங்கமலம் எழுந்து வந்தாள். கூடையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். நடுவே கிழித்தாள். ஒரு பாதியை வாயில் போட்டு மென்றுகொண்டே மறு பாதியை ஊர்க் கொப்பரையில் போட்டாள்.

"ராயரு அவரு பாதியக் குடுத்துட்டாரு. நானும் என் பாதியக் குடுத்துட்டேன்!"

தேரடியே சிரித்தது. "சவுக்கை எடு!" என்று ராயர் கத்தினார். ராஜா கையை உயர்த்தித் தடுத்தான். மந்திரி பக்கம் குனிந்து, "இவர்கள் என்னைக் கேலி செய்கிறார்களா?" என்று கேட்டான்.

"இல்லை மகாராஜா. ராயரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தங்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

ராஜா கூட்டத்தைப் பார்த்தான். சிரித்த முகங்களெல்லாம் அவன் பக்கமே திரும்பியிருந்தன. "அம்பாரியைக் கொண்டு வாருங்கள்," என்றான்.

எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். கொப்பரையில் அது அடங்காது, பக்கத்தில் வைத்தார்கள். ராஜா காதிலிருந்த குண்டலத்தையும் கழற்றி உள்ளே போட்டான்.

செங்கமலம் மென்றதைத் துப்பிவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து அப்படியே கொட்டினாள். செக்கு ஓட்டுகிறவர் வெள்ளி அரைஞாணைக் கழற்றினார். நெசவுத்தெருக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு சேலைக்கட்டுகளோடு வந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர்க் கொப்பரை வழிந்தது.

தூதன் வந்து மதிப்புப் போட்டான். "இன்னும் கொஞ்சம் குறைகிறதே," என்று நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"குறையாது," என்றான் ராஜா. "ராயரே, பாதி கொடுக்காதவனுக்கு நேற்று என்ன பெயர் வைத்தீர்?"

ராயரின் ஏழுகட்டு வீட்டில் பாதி அன்றைக்கே ஏலம் போனது. மிச்சப் பாதியில் அவர் இருந்தார். கடன் பத்திரம் கிழிந்தது. தூதன் காலைப் பலகாரத்துக்குக்கூட நிற்காமல் ஊர்போய்ச் சேர்ந்தான்.

"செங்கமலம், உனக்கு என்ன வேண்டும்? கேள்," என்றான் ராஜா.

"ஒண்ணுதான் சாமி. இனிமே கடன் வாங்குறதுக்கு முன்னாடி எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க. கட்டுறப்ப மட்டும் கூப்பிடுறீங்களே!"

மந்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராஜா அவளுக்கு வாக்குக் கொடுத்தான், மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தான்.

வாக்கையும் காப்பாற்றினானாம். புதிதாக ஆசை வந்தால் தேரடிக்கு வந்து கேட்பான். ஊர் பல தடவை "வேண்டாம் சாமி" என்றுதான் சொல்லும். அன்று ராஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிடுவான். விடிந்ததும் பசி தாங்காமல் அவனே எழுந்து வந்து இரண்டு இட்லி கூடவே கேட்பானாம்.