மலைப்பாம்பின் அடிவயிறு

அந்தக் காலத்தில் பாறைக்கும் வாய் இருந்தது, பாம்புக்கும் பேச்சு இருந்தது. மலைப்பாம்பின் வயிறோ வாழைப்பட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. நம்பினால் நம்புங்கள்.

ஒரு மலைப்பாம்பு பாறை உச்சியில் ஒரு பொந்துக்குள் முட்டையிட்டிருந்தது. தண்ணீர் குடிக்க அடிவாரச் சுனைக்கு இறங்கவேண்டும். போய்வருவதற்குள் உடும்பு வந்து முட்டையைத் தின்றுவிடுமோ என்று அது பயந்துகொண்டே போகும்.

ஒருநாள் இறங்கும்போது பாம்பு பாறையிடம் எரிந்து விழுந்தது. "ஏன் என்னைப் பிடித்துப் பிடித்து விடுகிறாய்? ஒரேயடியாக விட்டுத் தொலை. சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வரவேண்டும்."

"உன் கனம் உன்னைக் கீழே இழுக்கிறது. அதே அளவுக்கு நான் பிடிக்கிறேன். சரிக்குச் சரியாக இருப்பதால்தான் ஒரே சீராக இறங்குகிறாய். விட்டால் மறுபடி பிடிக்கமாட்டேன், யோசித்துக்கொள்," என்றது பாறை.

"யோசிக்க நேரமில்லை. விடு."

பாறை விட்டது. பாம்பு சறுக்கியது. சறுக்கச் சறுக்க வேகம் கூடி, நிற்க வழியில்லாமல், அடிவாரத்துச் சூரைமுள் புதரில் போய் விழுந்தது. திரும்ப ஏறப் பார்த்தால், எவ்வளவு நெளிந்தும் இருந்த இடத்திலேயே கிடந்தது.

உடும்பு இதைப் பார்த்துவிட்டது. "மெதுவாக வாங்க அக்கா. பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று மேலே ஏறியது. இது எங்கே வரப்போகிறது என்ற தெனாவட்டில் பாதி வழியில் வெயில் காயவும் படுத்தது.

பாம்புக்கு உயிரே போய்விட்டது. "பாறையே, ஒரே ஒரு தடவை பிடி," என்று கெஞ்சியது.

"சொன்னால் சொன்னதுதான். வேண்டுமானால் நீ என்னைப் பிடி."

பாம்பு அழுதுகொண்டு நிற்கவில்லை. முள்புதருக்குள் போய் வயிற்றைக் குறுக்கே குறுக்கே கிழித்துக்கொண்டது. தோல் பட்டை பட்டையாகப் பிரிந்தது. ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் பாறையின் சொரசொரப்பில் மாட்டி, உடம்பை மேலே உந்தியது. எரிச்சல் தாங்கவில்லை. ஆனாலும் அவசரப்படவில்லை, நிற்கவும் இல்லை. ஒரே சீராக ஏறியது.

அது பொந்தை எட்டியபோது உடும்பு முதல் முட்டையை உடைத்திருந்தது. பாம்பு வாயைப் பிளந்து பாய, உடும்பு ஓடியே போனது. உடைந்த முட்டையைப் பாம்பு வெகுநேரம் பார்த்தது. பிறகு மிச்ச முட்டைகளைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. தாகம் எடுத்தது. எழுந்திருக்கவில்லை.

அன்று முதல்தான் மலைப்பாம்பின் அடிவயிற்றில் பட்டை பட்டையாய்ச் செதில். அதை ஊன்றித்தான் அது நேராக, ஒரே சீராகப் போகிறது. முட்டைகளைச் சுற்றிப் படுத்துவிட்டாலோ, நாக்கு வறண்டாலும் லேசில் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை.