படுத்துக்கொண்ட சக்கரம்

மலைக்கும் அடிவாரத்துச் சுனைக்கும் நடுவே ஒரே ஒரு பாதை இருந்த அந்தக் காலத்தில், பூச்சி புழுக்களெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மரவட்டைக்கு இன்றைக்கு இருப்பதுபோல இத்தனை கால்கள் கிடையாது. தலைக்குப் பக்கத்தில் பேருக்கு இரண்டு ஜோடி. மீதி உடம்பு வழவழவென்று சும்மா கிடக்கும். அதைப் பற்றி மரவட்டைக்குக் கவலையும் இல்லை. வாலை வாயில் கவ்விக்கொண்டு எழுந்து நின்றால் சக்கரம். மலை உச்சியில் ஒரு உந்து உந்தினால் சுனைக்கரை ஈரமணலில் போய்த்தான் நிற்கும். நடுவில் நிற்க அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பாதையோ ஒடுக்கம். ஒரு பக்கம் சூரைமுள் புதர், இன்னொரு பக்கம் பாறைச் சரிவு. கோடையில் வேறெங்கும் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது என்பதால் எல்லாரும் அந்தப் பாதையில்தான் இறங்க வேண்டும், அதிலேயேதான் ஏற வேண்டும். கட்டெறும்புகள் சாரை சாரையாகப் போகும். சாணிவண்டு தன் உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு போகும். நத்தை தன் பாட்டுக்கு ஊர்ந்து போகும். இவர்களுக்கு நடுவே மரவட்டை ஓசைப்படாமல் வந்து, சர்ரென்று கடந்து, அடுத்த வளைவில் மறைந்துவிடும். வாயில் வால் இருக்கிறதே, சத்தம் எங்கிருந்து வரும்?

திரும்பி மேலே ஏறும்போது நிலைமை வேறு. நாலு காலால் அவ்வளவு நீள உடம்பையும் இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க நகர வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு முயல் துள்ளிக்கொண்டு இறங்கிக் கண்ணில் புழுதியை வாரிப் போட்டால், மரவட்டைக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். நடக்கிறவர்கள் இருப்பது தெரியவில்லையா, பாதையை எழுதி வாங்கிவிட்டாயா என்று முயல் போன திசையைப் பார்த்துத் திட்டித் தீர்க்கும். மறுநாள் அதுவே உருண்டு இறங்கும்போது, இந்த நடக்கிறவர்கள் கொஞ்சம் ஓரமாகப் போனால்தான் என்ன என்று நினைக்கும். ஏறும்போது ஒரு நியாயம், இறங்கும்போது ஒரு நியாயம். மரவட்டையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நம்மில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு.

ஒரு கோடையில் நிலைமை முற்றிவிட்டது. மரவட்டை சர்ரென்று கடந்ததில் வெட்டுக்கிளி பயத்தில் எகிறி முள்ளில் விழுந்து இறக்கையைக் கிழித்துக்கொண்டது. எறும்புச் சாரை இரண்டாக அறுந்து, பின்னால் வந்தவர்கள் வழி தெரியாமல் அரை நாள் சுற்றினார்கள். எல்லாரும் ஒரு பாறை நிழலில் கூடி மரவட்டையைக் கூப்பிட்டு விட்டார்கள். வந்த மரவட்டைக்கு, தான் செய்த தப்பு என்ன என்று நிஜமாகவே விளங்கவில்லை.

"இதுவரைக்கும் நான் யாரையாவது தொட்டிருக்கேனா சொல்லுங்க. ஒரு மயிரிழை தள்ளித்தான் போவேன். எனக்குக் கணக்கு இருக்கு" என்றது.

அது பொய்யும் இல்லை. அன்றுவரை அது யார் மீதும் பட்டதில்லை. விழுந்தவர்கள் எல்லாரும் தாங்களாகப் பதறி விழுந்தவர்கள்தான். கட்டெறும்புகளின் தலைவன் மீசையைத் தடவிக்கொண்டது. பிறகு, வேகமாகப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வருகிறேன் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்றது. மரவட்டை தயங்கியது. குரல் கொடுக்க வேண்டுமென்றால் வாலை வாயிலிருந்து விட வேண்டும். வாலை விட்டால் சக்கரம் தள்ளாடும், வேகம் பாதியாகிவிடும். ஆனாலும் அத்தனை பேர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடியாமல், சரி என்று தலையாட்டிவிட்டுப் போனது.

மறுநாள் விடியற்காலையில் நத்தை பாதையில் இருந்தது. அதன் வயிற்றில் முட்டைகள். மேலே மண் எல்லாம் ஓட்டுச் சில்லுபோல இறுகிக் கிடந்தது, அதில் குழி தோண்ட முடியாது. சுனைக்கரை ஈரமண்ணில் வைத்தால்தான் முட்டை பிழைக்கும், அதுவும் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதற்காக முந்தின நாள் பொழுது சாயும்போதே கிளம்பி, முக்கால் மலை இறங்கியிருந்தது. ஓரத்தில் முள் உதிர்ந்து கிடந்ததால் பாதையின் நடுவில்தான் போய்க்கொண்டிருந்தது.

மேல் வளைவிலேயே மரவட்டை அதைப் பார்த்துவிட்டது. சொன்ன சொல்லும் ஞாபகம் வந்தது. ஆனால் அந்த இடத்தில்தான் சரிவு நன்றாக இருக்கும், அந்த வேகத்துக்காகவே அது தினமும் விடியலில் எழுந்து வருவது. கிட்டப் போய்க் குரல் கொடுத்துக்கொள்ளலாம் என்று வாலை விடாமல் வந்தது. நத்தையின் முதுகுக்குப் பின்னால் வந்த பிறகுதான் வாயைத் திறந்து, "வர்றேன்" என்று கத்தியது.

நத்தை வேறு என்ன செய்யும்? பயந்தால் நத்தை செய்கிற ஒரே காரியத்தைச் செய்தது. உடம்பை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஒடுங்கி ஊர்ந்துகொண்டிருந்த உயிர் நடுப்பாதையில் ஒரு கல்லாகி, ஓடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மரவட்டை போட்டு வைத்திருந்த மயிரிழைக் கணக்கு அந்தச் சாய்விலேயே போயிற்று. டக்கென்று ஒரு சத்தம். நத்தை பாறைச் சரிவில் உருண்டது. மரவட்டை திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல், நிற்கத் தெரியாமல், அந்தச் சத்தத்தோடேயே சுனைவரைக்கும் போனது.

ஈரமணலில் விழுந்த மரவட்டை தண்ணீர் குடிக்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார்கள். மரவட்டை வந்த வழியே ஏறத் தொடங்கியது. அதற்கு அழுகை வந்தது. வழியில் முயல் ஒன்று வழக்கம்போலப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. மரவட்டை அதைத் திட்டவில்லை.

அது போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பாதை ஓரத்தில் பூச்சிகள் எல்லாம் கூடி நின்றன. நத்தை சரிவின் நடுவே ஒரு பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்தது, உயிர் இருக்கிறது என்றது எறும்புத் தலைவன். ஓட்டில் ஒரு மூலை உடைந்திருந்தது. எறும்புகள் இறங்கிப் பார்த்துவிட்டன. இடுக்கில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும், ஓர் எறும்பால் நத்தையைத் தூக்க முடியாது. பாறை சூடேறிக்கொண்டிருந்தது. உச்சிப் பொழுதுக்குள் எடுக்காவிட்டால் நத்தையும் காய்ந்துவிடும், வயிற்றில் இருப்பதும் காய்ந்துவிடும்.

"நான் குரல் கொடுத்தேனே" என்றது மரவட்டை மெல்ல.

"கொடுத்த. காதுக்குள்ள வந்து கொடுத்த" என்றது எறும்பு. "தூரத்துல கொடுத்தாத்தான் அது குரல். கிட்ட வந்து கொடுத்தா அதுவும் ஒரு இடிதான்."

மரவட்டை சரிவை எட்டிப் பார்த்தது. அந்த இடுக்குக்குள் நுழைகிற அளவுக்கு ஒல்லியாகவும், நத்தையைச் சுற்றி வளைக்கிற அளவுக்கு நீளமாகவும் இருக்கிற உடம்பு தன்னுடையது மட்டும்தான் என்று அதற்குத் தெரிந்தது. ஆனால் இரண்டு ஜோடிக் காலை வைத்துக்கொண்டு வழுக்குப் பாறையில் எப்படி நிற்பது? அதை அது வாய்விட்டுச் சொன்னதும், பூச்சிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கெல்லாம் எட்டுக் கால். முதலில் எறும்புத் தலைவன் ஒரு ஜோடியைக் கழற்றி மரவட்டையின் உடம்பில் வைத்தது. உனக்காக இல்லை, நத்தைக்காக என்று சொல்லித்தான் வைத்தது. பிறகு மற்ற எறும்புகள், வண்டுகள், இறக்கை கிழிந்த வெட்டுக்கிளிகூட, ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தன. சிலந்தி மட்டும் தனக்கு வலையில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நழுவியது. பூச்சிகளுக்கு இன்று ஆறு கால்தான், சிலந்திக்கு மட்டும் எட்டும் அப்படியே இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொருவருடையது. ஒன்றின் நடை இன்னொன்றுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்து வைத்தபோது மரவட்டை தனக்குத் தானே தடுக்கி விழப் பார்த்தது. முன்னால் உள்ள கால் போகட்டும், அது வைத்த பிறகு அடுத்தது போகட்டும் என்று விட்டுப் பார்த்தபோதுதான் நடை அமைந்தது. அப்படி அலை அலையாகச் சரிவில் இறங்கி, இடுக்கில் நுழைந்து, முன்பாதி உடம்பால் நத்தையைச் சுற்றிப் பிடித்து, பின்பாதியின் கால்களைப் பாறையில் ஊன்றிப் பின்பக்கமாகவே ஏறியது. எத்தனை முறை வழுக்கியதோ, பிடியை மட்டும் விடவில்லை.

பாதைக்கு வந்ததும் நத்தை தலையை வெளியே நீட்டியது. சுனை இன்னும் எவ்வளவு தூரம் என்பதுதான் அது கேட்ட முதல் கேள்வி.

மரவட்டை உடனே, "அக்கா, என் நடுவுல உட்காந்துக்குங்க. ஒரே உருட்டு, கொண்டுபோய் விட்டுடறேன்" என்றது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னது. சுற்றி நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நத்தைக்குக் கோபப்படவும் தெம்பில்லை. "வேணாம் தம்பி. நான் நடந்தே போய்க்கறேன்" என்றது. கொஞ்ச தூரம் நகர்ந்துவிட்டு, நின்று சொன்னது. "நீ வேகமாப் போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா நான் இருக்கறது உனக்குத் தெரியுது. நீ இருக்கறது எனக்குத் தெரியாது. உன் கணக்குல நான் இருக்கேன், என் கணக்குல நீ இல்லையே. அவ்வளவுதான்."

எறும்புகள் ஓர் ஆலிலையைத் தூக்கி நத்தைக்கு மேலே நிழலாகப் பிடித்துக்கொண்டு வந்தன. மரவட்டை பின்னால் நடந்தது. அந்தப் பாதையில் அது மேலிருந்து கீழே நடந்து போவது அதுவே முதல் முறை. சூரைப் புதருக்கு அடியில் யார் யார் வீடு இருக்கிறது என்பதையும், பாதையில் எந்த இடத்தில் நிழல் விழும் என்பதையும், இத்தனை நாள் இறங்கியும் தான் பார்த்ததே இல்லை என்று அதற்கு உறைத்தது.

கடைசிச் சரிவுக்கு வந்தார்கள். கீழே சுனை தெரிந்தது. அப்போது மரவட்டையின் முதுகில் ஏதோ திடீரென்று வந்து இடித்தது. சாணிவண்டுதான். வழக்கம்போல முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு உருண்டையைத் தள்ளி வந்திருக்கிறது, பாவம், அது இடிக்க வேண்டும் என்று இடிக்கவில்லை. மரவட்டைக்கோ உயிரே போய்விட்டது. பின்னாலிருந்து, பார்க்காத நேரத்தில், சொல்லாமல் ஒன்று மேலே வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது. யோசிப்பதற்குள் பழைய பழக்கத்தில் உடம்பு சுருண்டுவிட்டது. கால்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. சக்கரம் எழுந்து நின்றுவிட்டது.

முன்னால் சரிவு. சரிவில் நத்தை, உடைந்த ஓட்டோடு, வயிற்றில் முட்டைகளோடு, முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது.

சக்கரம் நகரத் தொடங்கியது. மரவட்டைக்கு நிற்கத் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன். அது பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றை அப்போது செய்தது. உருளுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. ஓங்கிச் சாய்ந்ததில் ஒரு பக்க உடம்பெல்லாம் கல்லில் அடிபட்டது. ஆனால் சக்கரம் தட்டையாகப் படுத்துவிட்டது. படுத்த சக்கரம் எங்கே உருளும்? அப்படியே அசையாமல் கிடந்து, சாணிவண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடந்து போகும்வரை பொறுத்திருந்து, பிறகு ஒவ்வொரு காலாகப் பிரித்துக்கொண்டு எழுந்தது. நத்தை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் என்ன நடந்தது என்றே அதற்குத் தெரியாது. அது ஈரமண்ணைத் தொட்டுவிட்டது.

அந்த மண்ணிலேயே குழி தோண்டி நத்தை முட்டை வைத்தது. அடுத்த மழைக்குக் கடுகு கடுகாக நத்தைக் குஞ்சுகள் பாதையில் ஏறி வந்தன. மரவட்டை பூச்சிகளிடம் போய்க் கால்களைத் திருப்பிக் கொடுக்க நின்றது. ஆறு காலில் நடக்கப் பழகிவிட்டது, நீயே வைத்துக்கொள் என்றது எறும்புத் தலைவன். இத்தனை காலும் தரையில் இருந்தால் இவன் பழையபடி உருளமாட்டான் என்றும் அது உள்ளூர நினைத்திருக்கலாம், கெட்டிக்கார எறும்பு.

மனிதர்கள் சக்கரம் செய்ததும், சைக்கிள் செய்ததும் இதற்கெல்லாம் ரொம்பப் பிற்பாடு. அவர்கள் இந்தக் கதையை அரைகுறையாகத்தான் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. சக்கரம் வைத்தார்கள், மணி வைத்தார்கள், மணியைத் தூரத்திலேயே அடிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். எல்லாரையும் சொல்லவில்லை. மழை விட்ட காலையில் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து போகிற அந்த மண்பாதையில், பின்னாலிருந்து மெல்ல மணியடித்து, கைப்பிள்ளையோடு போகிறவர் திரும்பிப் பார்த்து ஒதுங்கும்வரை ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே, குனிந்து பார்த்தால், பாதையைக் கடக்கிற ஒரு மரவட்டையும் இருக்கும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்.

உடனே சுருண்டு சக்கரமாகும், ஆனால் எழுந்து நிற்காது, உருளாது. நீங்கள் போன பிறகுதான் கால்களைப் பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாக எடுத்து வைத்து நடக்கும். அன்று, அந்தக் கடைசிச் சரிவில், நத்தையின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒரு சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்த அந்த நாள் முதல்தான் மரவட்டை இப்படிப் படுத்துக்கொள்கிறது.