காலில்லாச் சாரையின் ஓட்டு

ஒரு காட்டில் ஒரு சாரைப்பாம்புக்குப் பெரிய அநியாயம் நடந்தது, குழந்தைகளே! தேர்தல் நாளில், கொளுத்தும் வெயிலில் வரிசையில் ஊர்ந்து வந்த அவளை, "உனக்கு ஓட்டு இல்லை, போ!" என்று எல்லார் முன்னிலையிலும் விரட்டினார்கள்.

அந்தக் காட்டில் முன்பெல்லாம் ஆற்றங்கரையில் ஒதுக்கிவைத்த சேற்றில் கால் பதித்துத்தான் ஓட்டுப் போடுவார்கள். தடங்களை எண்ணித் தலைவர் யாரென்று சொல்வார்கள். காலில்லாத சாரை ஓரமாய்க் கிடந்து வேடிக்கை பார்ப்பாள்.

போன தேர்தலில் மழை கொட்டித் தடமெல்லாம் கரைந்துபோனது. அதனால் மரங்கொத்தி ஒரு புது வழி கண்டுபிடித்தது. பட்டுப்போன இலுப்பை மரத்தில் இரண்டு பொந்து குடைந்தது. ஒன்று போட்டியிடும் மிளாமானுக்கு, மற்றது எதிர்த்து நிற்கும் பன்றிக்கு. பிடித்தவர் பொந்தில் ஒரு புங்க விதையைப் போட்டால் போதும். மழை வந்தாலும் கவலையில்லை.

இந்த முறை சாரை ஓட்டுப் போட்டே ஆகவேண்டும். "நான் ஜெயித்தால் புற்று மேட்டைக் கிளறிக் கிழங்குத் தோட்டம் போடுவேன்" என்று பன்றி சொல்லியிருந்தது. அந்தப் புற்றில்தான் அவளுடைய முட்டைகள் இருந்தன.

விதையைக் கவ்விக்கொண்டு வந்தவளைத் தேர்தல் அதிகாரியான உடும்பு மறித்தது.

"நில்! சேற்றில் கால் பதித்தால்தான் ஓட்டு. சட்டம் அப்படி."

சாரை விதையைக் கீழே வைத்தாள். "இப்போது யார் ஐயா சேற்றில் இறங்குகிறார்கள்?"

"ஓட்டுப் போடும் விதத்தைத்தான் மாற்றினார்கள். சட்டத்தை யாரும் மாற்றவில்லையே!"

"எனக்கு முன்னால் போட்ட முயல் கால் பதித்ததா?"

"அதற்குக் கால் இருக்கிறது. பதித்ததாக வைத்துக்கொள்வோம்."

"அப்படியே நானும் பதித்ததாக வைத்துக்கொள்ளுங்களேன்!"

"இல்லாத காலை எங்கே வைத்துக்கொள்வது?"

வரிசையில் நின்ற குரங்கு கைகொட்டிச் சிரித்தது. "பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே! அதைக் கொஞ்சம் வெளியே எடேன், நாங்களும் பார்க்கிறோம்!"

சிரித்துக்கொண்டே போய்த் தன் விதையைப் போட்டுவிட்டு வந்தது.

உடும்பு பிடித்த பிடியை விடுமா? ஆனாலும் சாரை வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஞ்சாயத்துப் பெரியவரான யானையிடம் போனாள்.

"ஐயா, எனக்குச் சலுகை வேண்டாம். சட்டப்படியே நடக்கட்டும். ஆனால் எல்லாருக்கும் நடக்கட்டும். வாருங்கள், சேற்றைப் பார்ப்போம்."

காடே ஆற்றங்கரைக்குத் திரண்டது. வழவழவென்று கிடந்த சேற்றில் நண்டுத் தடங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பார்த்தீர்களா? சட்டப்படி இன்று ஓட்டுப் போட்டவை நண்டுகள்தாம்" என்றாள் சாரை. "முயலே, உன் ஓட்டு செல்லாது. குரங்கண்ணே, உன்னுடையதும் செல்லாது."

"ஐயையோ, நாங்கள் சும்மா நடந்துதானே போனோம்!" என்று ஒரு நண்டு பயந்துபோய் வளைக்குள் ஒளிந்தது.

குரங்கு எகிறிக் குதித்தது. "அதெப்படி? இந்த வெயிலில் காய்ந்து கருகிப் போட்ட ஓட்டு!"

"நானும் அதே வெயிலில்தானே கிடந்தேன்?"

குரங்கு தலையைக் குனிந்துகொண்டது.

"அதெல்லாம் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று உறுமியது பன்றி.

"அதுவரை என் முட்டைகள் காத்திருக்குமா?" என்றாள் சாரை.

யானை கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது: "சட்டத்தில் 'சேற்றில் கால் பதித்தவர்' என்பதை எடுத்துவிட்டு, 'மரத்தில் விதை போட்டவர்' என்று வைக்கலாமா?"

"வைக்கலாம்!" என்று குரங்குதான் முதலில் கத்தியது. உடும்பும் மெல்லத் தலையாட்டியது.

யானை சாரையின் பக்கம் திரும்பியது. "தப்பு எங்களுடையது, தாயே. இதை முன்பே செய்திருக்க வேண்டும். போய் உன் விதையைப் போடு. நீ போடாமல் ஒரு விதையும் எண்ணப்படாது."

நீதி: முறை மாறினால் சட்டமும் மாற வேண்டும், மாறாத சட்டம் முதலில் எளியவரின் உரிமையைத்தான் விழுங்கும்.