ஆயிரம் சொல்லும் நாலு பங்கும்

ஆண்டிபட்டிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே தும்பைக்குளம் என்று ஒரு ஊர். பஸ் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போகும் அளவுக்கான ஊர். அங்கே கல்யாணச் சமையல் செய்யும் நான்கு பேர் இருந்தார்கள். சமையலில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்ற விஷயங்களில் அவர்கள் எப்படி என்று நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தங்கமாயன் சாம்பார் வைப்பான். நல்லதம்பி காய் நறுக்குவான். பூவலிங்கம் சாதம் வடிப்பான். சோணை பாயசம். ஒருவன் வேலையில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். ஒரு தடவை பாயசம் பொங்கி வழிந்தபோது, சோணை குளித்துவிட்டு வரும்வரை மற்ற மூன்று பேரும் கைகட்டி மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாயசம் சோணை பங்கு அல்லவா?

தங்கமாயனின் மனைவி செவ்வந்தி நர்ஸ். இரண்டு வருஷமாக அயர்லாந்தில் வேலை. அங்கே ஒரு தமிழ் ஓட்டல்காரர் தங்கமாயனுக்குச் சமையல் வேலை தரத் தயாராக இருந்தார். ஆனால் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் ஒன்பதுக்கு ஆறு மதிப்பெண் வாங்கி வந்தால்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தங்கமாயன் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் கோட்டை விட்டான். எழுதுவதில்கூட ஒப்பேற்றிவிடுவான். பேச்சுப் பரீட்சையில் உட்கார்ந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். போன தடவை பெயர் என்ன என்று கேட்டதற்கு ‘எஸ்’ என்றான். ஊர் எது என்று கேட்டதற்கும் ‘எஸ்’ என்றான்.

“ஆகஸ்டு கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுக்குவேன்” என்று ஓட்டல்காரர் சொல்லிவிட்டார். தங்கமாயனுக்குத் தூக்கம் போயிற்று. பெண்டாட்டி நினைப்பில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும்தான் நண்பர்களுக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது.

உசிலம்பட்டியில் ஆங்கிலப் பயிற்சி கொடுக்கும் ரெஜினா மேடத்திடம் நால்வரும் போனார்கள். மேடம் ஒரு தடிமனான புத்தகத்தைக் கொடுத்தார். அகர வரிசையில் ஆயிரம் கஷ்டமான சொற்கள்.

“இதை முழுசாப் படிங்க. படிச்ச சொல்லை அன்னிக்கே வாழ்க்கையில பயன்படுத்திடுங்க. முக்கியமா, ஒரு தடவை சொன்ன சொல்லை மறுபடி சொல்லாதீங்க. மார்க் போயிடும்.”

நால்வரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

“ஆயிரம் சொல்லை ஒருத்தன் எப்பிடிடா படிப்பான்?” என்றான் பூவலிங்கம்.

“ஆயிரம் பேர் கல்யாணத்துக்கு ஒருத்தனா சமைக்கிறோம்?” என்றான் நல்லதம்பி.

“பங்கு போட்டா தீந்துச்சு. ஆளுக்கு எரநூத்தம்பது” என்றான் சோணை.

தங்கமாயனுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. “பரீட்சை எழுதப்போறது நான் ஒருத்தன்தானேடா?”

“கல்யாணம்கூட மாப்பிள்ளை ஒருத்தனுக்குத்தான். அதுக்காக அவனா சமைக்கிறான்?” என்றான் சோணை.

தங்கமாயன் தலையை ஆட்டினான். உண்மையைச் சொன்னால் நானும் ஆட்டியிருப்பேன்.

ஏ முதல் எஃப் வரை தங்கமாயனுக்கு. ஜி முதல் எல் வரை நல்லதம்பிக்கு. எம் முதல் ஆர் வரை பூவலிங்கத்துக்கு. பந்தியில் கடைசி வரிசைக்கு எப்போதும் ஆள் குறைவாகத்தான் இருக்கும் என்ற அனுபவத்தில் சோணை முந்திக்கொண்டு கடைசியைக் கேட்டு வாங்கினான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எஸ் மட்டுமே பத்துப் பக்கம். ஆங்கிலத்தைக் கண்டுபிடித்தவனை மூன்று நாள் திட்டித் தீர்த்துவிட்டு, நியாயஸ்தன் என்பதால் படிக்க உட்கார்ந்தான்.

படித்த சொல்லை அன்றைக்கே பயன்படுத்த வேண்டுமே! அந்த வாரம் போடியில் ஒரு கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மகளை அலங்காரம் செய்து மேடைக்கு அழைத்துப் போகும் வழியில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நல்லதம்பியைப் பார்த்துப் பூரிப்போடு கேட்டார்.

“என்னப்பா, நம்ம பொண்ணு எப்படி இருக்கா?”

நல்லதம்பி எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, “ஹிடியஸ்” என்றான்.

அவலட்சணம் என்று அர்த்தம். தலைமை ஆசிரியருக்கு அது தெரியும். பெண்ணுக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து, அவர் மற்ற எல்லாருக்கும் மொழிபெயர்த்தார். அழுகை, கூச்சல், மாலை ஒரு பக்கம், மாப்பிள்ளையின் மாமா ஒரு பக்கம். கூட்டத்தின் நடுவே நல்லதம்பி பொறுமையாக விளக்கினான்.

“ஐயா, நேத்துக் கேட்டிருந்தீங்கன்னா கார்ஜியஸ்னு சொல்லியிருப்பேன். அழகுன்னு அர்த்தம். நேத்து அதோட முறை. இன்னிக்கு ஹெச்சுல ஓடிட்டிருக்கு. நான் என்ன செய்ய?”

தாலி கட்டியது என்னவோ கட்டியாயிற்று. ஆனால் சமையல்காரர்களுக்கு அன்றைக்குத் தாம்பூலப் பை கிடைக்கவில்லை.

அடுத்தது, சொன்ன சொல்லை மறுபடி சொல்லக்கூடாது என்ற விதி. இது ஆங்கிலத்துக்கு மட்டுமா தமிழுக்கும் உண்டா என்று கேள்வி எழுந்தது. “மேடம் சொல்லுன்னுதான் சொன்னாங்க. எந்தச் சொல்லுன்னு சொல்லல. எதுக்கு வம்பு, ரெண்டுக்கும் வச்சுக்குவோம்” என்று பூவலிங்கம் தீர்ப்புச் சொன்னான்.

இதில் அடிபட்டவள் செவ்வந்திதான். தினமும் சாயங்காலம் கணவனுக்குப் போன் செய்வாள். திங்கள்கிழமை தங்கமாயன் “செவ்வந்தி, சாப்பிட்டியா?” என்று கேட்டான். செவ்வாய்க்கிழமை அவள் பெயரும் தீர்ந்துபோயிருந்தது, சாப்பாடும் தீர்ந்துபோயிருந்தது. “அம்மணி, போஜனமாச்சா?” என்றான். புதன்கிழமை, “நாயகி! ஆகாரம்?” வியாழக்கிழமை மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏங்க, ஏன் பேசவே மாட்டேங்கறீங்க? என் மேல கோவமா?”

“பேசித் தீத்துட்டேன்” என்றான் தங்கமாயன் பரிதாபமாக. அந்த இரண்டு சொல்லும் அத்தோடு செலவாயிற்று.

அந்தப் பக்கம் செவ்வந்தி அழுதாள். இந்தப் பக்கம் தங்கமாயனும் அழுதான். அழுகைக்கு விதி எதுவும் இல்லாததால் இரண்டு பேரும் நன்றாகவே அழுதார்கள்.

பரீட்சை நாள் வந்தது. மதுரையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. நால்வரும் குளித்து விபூதி பூசிக்கொண்டு போனார்கள். மற்ற மூன்று பங்குகளையும் வாசலிலேயே காவலாளி நிறுத்திவிட்டார். “நாங்க கீழ டீக்கடையிலதான் இருப்போம். தேவைப்பட்டா சன்னல் வழியா கூப்பிடு” என்று சொல்லி அனுப்பினார்கள்.

உள்ளே, கேள்வி கேட்கும் அம்மாள் ஒரு அட்டையை நீட்டினார். உங்களுக்கு மிகவும் பிரியமான ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். தங்கமாயன் அட்டையைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான். அம்மாள் அன்போடு சொன்னார்: “பயப்படாதீர்கள். உங்கள் சொந்தச் சொற்களில் சொன்னால் போதும்.”

தங்கமாயனுக்கு அப்பாடா என்றிருந்தது. சொந்தச் சொற்கள் அவனிடம் இருநூற்றைம்பது இருந்தன. நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவியைப் பற்றி வரிசை மாறாமல் ஆங்கிலத்தில் எடுத்து விட்டான். என் மனைவி போற்றத் தகுந்தவள். நீரிலும் நிலத்திலும் வாழ்பவள். திவாலானவள். கருணை உள்ளவள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுபவள். தைரியசாலி. உழைப்பாளி. உண்ணத்தக்கவள். பூமியிலிருந்து அடியோடு அழிந்துபோனவள். நம்பிக்கையானவள்.

அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அவள் அயர்லாந்தில் இருக்கிறாள், நான் இங்கே இருக்கிறேன், அதனால் நான்…” என்று ஆரம்பித்த தங்கமாயன் அப்படியே நின்றான். தனிமையில் வாடுபவன் என்பதற்கு ஒரு சொல் உண்டு. நல்லதம்பி கத்தரிக்காய் நறுக்கும்போது அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். சொல் நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் அது எல். எல் நல்லதம்பி பங்கு. அடுத்தவன் பங்கில் கை வைத்துப் பழக்கமில்லை.

“மேடம், அந்த வார்த்தை நல்லதம்பியிடம் இருக்கிறது. நல்லதம்பி டீக்கடையில் இருக்கிறான். கூப்பிடட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“எந்த நல்லதம்பி?” என்றார் அம்மாள்.

அவ்வளவுதான். பரீட்சை மறந்துபோயிற்று, விதியும் மறந்துபோயிற்று. நல்லதம்பி யார், ஆயிரம் சொல்லை நாலாகப் பிரித்தது ஏன், பாயசம் பொங்கினால் யார் இறக்க வேண்டும், ஹிடியஸ் என்று சொல்லிக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது, செவ்வந்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போனது என்று கையை ஆட்டி, எழுந்து நின்று, கரண்டியால் கிளறுவது போலச் செய்து காட்டி, தெரிந்த சின்னச் சின்ன ஆங்கிலத்தில் நிறுத்தாமல் சொல்லித் தீர்த்தான். நேரம் முடிந்தது என்று சொல்ல அம்மாளுக்கு மனசு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரா என்று அவன் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் சான்றிதழ் வந்தது. ஆறு. சுளையாக ஆறு!

தும்பைக்குளத்தில் வெடி போட்டார்கள். தங்கமாயனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார்கள். இரண்டாவது சுற்றில்தான், தூக்கிக்கொண்டிருந்த சோணைக்கு ஒரு யோசனை வந்தது. அவனைக் கீழே இறக்கினான்.

“டேய், ஆயிரம் சொல்லையும் நாலு பேரு படிச்சோம்ல?”

“ஆமா.”

“அப்ப ஆறு மார்க்கும் நாலு பேருக்குத்தானே?”

பூவலிங்கம் விரல் விட்டு எண்ணினான். “ஆளுக்கு ஒண்ணரை.”

தங்கமாயனின் முகம் வெளிறிவிட்டது. “அப்ப நான் வாங்கினது ஒண்ணரைதானா? போன தடவைகூட நாலு வாங்கினேனேடா!” என்று அங்கேயே உட்கார்ந்து தேம்பினான்.

“அழாதடா. இன்னும் மூணு தடவை எழுதுவோம். நாலு ஒண்ணரை ஆறு. உன் பங்கு மட்டும் ஆறு வந்துரும்” என்றான் நல்லதம்பி.

செவ்வந்தியிடம் போனில் இதைச் சொன்னார்கள். அவளுக்கு இவர்களைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். காகிதத்தில் ஆறு என்றுதானே போட்டிருக்கிறது, அப்படியே அனுப்புங்கள் என்று சொன்னால் எடுபடாது என்றும் தெரியும்.

“சோணண்ணே, உங்க மூணு பேர் பங்கையும் அவருக்கே விட்டுக்கொடுத்துருங்கண்ணே. எப்படியாவது இந்த மாசக் கடைசிக்குள்ள அவர் இங்க வந்து சேரணும். என்னால முடியலண்ணே” என்றாள்.

மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று யார் சொன்னது? ஆனால் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்தால் நாளைக்கு வாரிசுகள் சண்டைக்கு வரக்கூடாதே. மறுநாள் காலையிலேயே சான்றிதழை எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதும் அருணகிரியிடம் போய் நின்றார்கள்.

அருணகிரி முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். கிணற்றில் கால் பங்கு, புளியமரத்தில் அரைப் பங்கு எல்லாம் எழுதியவர். எதற்கும் அசர மாட்டார்.

“கூட்டுப் பாத்தியத்துல உள்ள பங்கை ஒருத்தருக்கு விட்டுக்கொடுக்கறீங்க. அப்ப விடுதலைப் பத்திரம்” என்று பேனாவைத் திறந்தார். “சொத்து?”

“நாலரை மார்க்குண்ணே.”

“சர்வே நம்பர்?”

சான்றிதழில் இருந்த பரீட்சை எண்ணைக் காட்டினார்கள். எழுதிக்கொண்டார்.

“நான்கெல்லை சொல்லுங்க. வடக்கே?”

நால்வரும் சான்றிதழை மேசையில் விரித்துச் சுற்றி நின்று யோசித்தார்கள். “வடக்கே ஏழு” என்றான் பூவலிங்கம்.

“தெற்கே?”

“அஞ்சு.”

“கிழக்கே?”

“கிழக்கே நாங்க மூணு பேரு” என்றான் சோணை.

“மேற்கே?”

“மேற்கே செவ்வந்தி” என்றான் தங்கமாயன். அவள் பெயரை மறுபடி சொல்லிவிட்டோமே என்று பதறவில்லை. இன்னொரு தடவையும் சொன்னான்: “செவ்வந்திதாண்ணே.”

அருணகிரி குண்டு குண்டாக எழுதி முடித்தார். “மேற்கெல்லைக்குப் போகவரப் பாதை உண்டா?”

“அதுக்குத்தாண்ணே இந்தப் பத்திரமே!”

“பாதை எத்தனை அடி அகலம்?”

“பிளேன் போகணும்ணே” என்றான் தங்கமாயன்.

அருணகிரி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கணக்காக யோசித்தார்.

“அப்ப இருபதடி பத்தாதுப்பா. எதுக்க இன்னொரு பிளேன் வந்தா ஒதுங்கணும்ல? நாப்பதாப் போட்டுருவோம்.”