முடிச்சுப் போடாமல் போன மூவர்

ஒரு காட்டின் நடுவே இரண்டு பூவரச மரங்கள் நின்றன. அவற்றுக்கு இடையில் ஒரு சிலந்தி பெரிய வலை பின்னியிருந்தது. பூச்சி பிடிக்கும் வலை என்று நினைத்துவிடாதீர்கள். அது நட்புப் பிடிக்கும் வலை!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா? உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பூவரசம்பூ ஒன்றை எடுத்து, இதழில் நகத்தாலோ அலகாலோ கீறி எழுதி, வலையில் தொங்கவிட வேண்டும். அதற்குப் பெயர் வலைப்பூ. வருகிறவர்கள் அதைப் படிப்பார்கள். பதில் இருந்தால் ஓர் இலையில் எழுதிக் காம்பில் கட்டுவார்கள். பதில் ஒன்றும் தோன்றாவிட்டாலும் சும்மா போகமாட்டார்கள். ஒரு புல்லைக் கிள்ளி, பூக்காம்பில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த முடிச்சுக்கு 'உள்ளேன் ஐயா' என்று பெயர். பள்ளிக்கூடமே இல்லாத காட்டில் அந்தப் பெயரை யார் வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்த வலையில் நான்கு பேர் உயிர் நண்பர்கள். ஆமை, அணில், உடும்பு, மைனா. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை! அணில் விடிந்ததும் வரும். உடும்பு வெயில் ஏறிய பிறகு வரும். ஆமை உச்சிப்பொழுதில் வந்து சேரும். மைனா மாலையில் வரும்.

அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்களும் சொந்தப் பெயர்கள் அல்ல. ஆமை தனக்கு 'மின்னல்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. கையளவு அணிலுக்கு 'மதயானை'. உடம்பெல்லாம் சொரசொரப்பான உடும்புக்குத் 'தென்றல்'. மைனாவின் குரலில் மட்டும் லேசான கரகரப்பு உண்டு. அதனால் அது 'கரகரப்பிரியா'. நால்வரில் ஓரளவு உண்மை பேசியது அது ஒன்றுதான்.

அணில் சாப்பாட்டைப் பற்றியே எழுதும். 'இன்று நாவற்பழம். நாக்கு நீலம். பல்லும் நீலம்.' உடும்பு மழைக்கு விமரிசனம் எழுதும். 'நேற்றைய மழை ஆரம்பத்தில் பிரமாதம். நடுவில் தொய்வு. முடிவு சொதப்பல்.' ஆமையோ தன் பயணத்தைத் தொடராக எழுதியது. பதினேழு பாகம் ஆகியும் அது குளக்கரையைத் தாண்டவில்லை! மற்ற மூவரும் அதற்கும் பொறுமையாக முடிச்சுப் போட்டார்கள்.

வாரத்துக்கு ஒரு பாட்டு மைனாவுடையது. ஓர் இழையை அலகால் கவ்விக்கொண்டு மூக்காலேயே அது பாடும். இழை அந்தப் பாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வருகிறவர் அதில் கால் வைத்தால் போதும், பாட்டு உள்ளங்காலில் ஏறி நெஞ்சுவரை வந்துவிடும். ஆமை ஒரே பாட்டை ஏழு தடவை கேட்கும். பிறகு வீடு போகும்வரை முனகிக்கொண்டே போகும். வீடு முதுகிலேயே இருந்தது என்பது வேறு விஷயம்.

அடடா, என்ன நாட்கள் அவை! நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு குரங்குகள் காட்டின் மேற்கே எதிரொலிப் பாறையைக் கண்டுபிடித்தன. அங்கே ஒரு வரி கத்தினால் ஏழு தடவை திரும்ப வந்தது!

"நாவற்பழம்!" என்று கத்திப் பார்த்தது அணில்.

"நாவற்பழம்! நாவற்பழம்! நாவற்பழம்!" என்றது பாறை.

அணிலுக்குத் தலைகால் புரியவில்லை. "காடே என்னைப் பத்திப் பேசுது!" என்று துள்ளியது. உண்மையில் பேசியது பாறை மட்டும்தான். யார் கேட்டார்கள் அதை?

உடும்பும் பாறைக்குப் போனது. "மழை சொதப்பல்!" என்று ஒரே வரியில் கத்திவிட்டு வந்தது. கொஞ்ச நாளில் பாறையும் பழசாகிவிட்டது. எல்லோரும் அருவிக்கு ஓடினார்கள். அங்கே ஒரு குதி குதித்து, பாட்டுக்கு ஓர் ஆட்டம் ஆடிக் காட்டிவிட்டு இறங்க வேண்டும். பல்லவி முடிவதற்குள் அடுத்தவர் குதித்துவிடுவார். முழுப் பாட்டையும் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

பாறையில் கூட்டம் நெரிந்த நாட்களிலேயே ஆமையும் ஆசையாக அங்கே போனது. போய்ச் சேரவே நான்கு நாள். வரிசையில் நின்று, "அன்றைக்கு நான் குளக்கரையிலிருந்து புறப்பட்டபோது..." என்று ஆரம்பித்தது.

"சீக்கிரம் முடி பெருசு! பின்னால ஆள் நிக்குது!" என்றது ஒரு குரங்கு.

ஆமைக்கு முகம் சுண்டிப்போனது. மதயானையும் தென்றலும் அந்தக் கூட்டத்தில் எங்கே இருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. "எல்லாரும் என்னை மறந்துட்டாங்க. இனி அவங்களே முதல்ல எழுதட்டும்!" என்று கோபித்துக்கொண்டு குளத்துக்குத் திரும்பியது.

வலையில் பூக்கள் குறைந்தன. மைனா மட்டும் வாரம் தவறாமல் இழையில் பாடி வைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டை விட மனசில்லாமல் மூவரும் அவரவர் நேரத்தில் வந்து கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் போனார்கள். முடிச்சுப் போடும் பழக்கமே கைவிட்டுப் போயிருந்தது.

ஒருநாள் மைனா ஒரு பூ தொங்கவிட்டது. அதில் பாட்டு இல்லை. 'தொண்டை கட்டிவிட்டது. பத்து நாளாகக் குரலே வரவில்லை. இனிமேல் பாட முடியுமோ என்னவோ, பயமாக இருக்கிறது. யாராவது இருக்கிறீர்களா?' என்று எழுதியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அணில் அதைப் படித்தது. அதற்குப் பகீரென்றது. ஒரு புல்லைக் கிள்ளியும்விட்டது. அப்புறம் யோசித்தது. "இவ்வளவு நாள் வாயே திறக்கல. இப்ப திடீர்னு வந்து நின்னா என்ன நினைப்பா?" வெட்கம் வந்துவிட்டது. புல்லைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டது.

வெயில் ஏறியதும் உடும்பு வந்தது. "ஐயோ பாவம்! மதயானையும் மின்னலும் ஆறுதல் சொல்லாமலா இருப்பாங்க? அவங்க எழுதட்டும், நான் அப்புறம் சேர்ந்துக்கிறேன்" என்று நகர்ந்துவிட்டது.

உச்சிப்பொழுதில் ஆமை வந்தது. படித்ததும் அதன் கோபமெல்லாம் கரைந்தது. கண்ணில் நீர் தளும்பியது. "இப்படிப்பட்ட நேரத்துல வெறும் முடிச்சா போடறது? மரியாதையா நீளமா எழுதணும்" என்று சொல்லி, ஒரு பெரிய இலையை இழுத்துக்கொண்டு வீடு திரும்பியது.

அடுத்த நாளும் மூவரும் வந்து பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். அணிலுக்கு வெட்கம் போகவில்லை. உடும்பு மற்றவர்களின் முடிச்சைத் தேடிவிட்டுத் திரும்பியது. ஆமைக்கு இலை நிறையவில்லை. ஒவ்வொரு மாலையும் மைனா வந்து காம்பைப் பார்த்தது. காம்பு வெறுமையாக இருந்தது.

ஆறாம் நாள் உச்சிப்பொழுதில் ஆமை தன் இலையோடு வந்தது. வலையடியில் ஓர் அணிலும் ஓர் உடும்பும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றன. பூவைக் காணோம்!

"இங்க ஒரு பூ இருந்துச்சே? நான் மதயானை... அதாவது, அணில்" என்றது அணில்.

"நீங்களா மதயானை? நான் தென்றல்!" என்றது உடும்பு.

"நான் மின்னல்" என்றது ஆமை. வேறொரு நாளாக இருந்திருந்தால் மூவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"சிலந்தியக்கா, அந்தப் பூ எங்க?" என்று பதறியது ஆமை.

"நேத்து சாயங்காலம் அவளே கழட்டிட்டுப் போயிட்டா" என்றது சிலந்தி.

"நாங்க தினமும் வந்தோமே! உங்களுக்குத் தெரியுமே!" என்றது அணில்.

"என் வலையில யார் கால் வெச்சாலும் எனக்குத் தெரியும். அவ என்கிட்ட கேக்கல. காம்பைப் பார்த்தா, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனா. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்" என்றது சிலந்தி.

மைனாவின் வீடு ஆற்றங்கரை இலவமரத்தில் இருப்பதாகச் சிலந்தி வழி சொன்னது. "நீ வேகமா ஓடு!" என்று அணிலிடம் சொன்னது ஆமை.

"தனியாப் போய் என்னன்னு சொல்றது? சேர்ந்தே போவோம்" என்றது அணில். ஆமையைத் தள்ளியும் இழுத்தும் அவர்கள் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

மரத்தின் பொந்து காலியாக இருந்தது. பக்கத்துக் கிளையில் ஒரு மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, இங்க இருந்த மைனா எங்க?" என்று கேட்டது ஆமை.

"காட்டை விட்டே போயிட்டாளே! மலைக்கு அந்தப்பக்கம் தங்கச்சி வீடு இருக்காம். இப்பதான், கொஞ்சம் முன்னாடி கிளம்பினா."

"தொண்டை எப்படி இருக்கு?" என்றது உடும்பு.

"அது காலையிலேயே சரியாயிடுச்சு. ஒரு பாட்டுகூடப் பாடினா. அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை! வலையில போய்ப் பாடேன்னு சொன்னேன். 'கேக்கறதுக்கு அங்க யாருமே இல்லண்ணே'ன்னு சொல்லிட்டுப் பறந்துட்டா."

ஆமையின் பிடியிலிருந்து இலை நழுவியது. "நாங்க மூணு பேரும் இருந்தோமே! ஒருநாள் விடாம வந்தோமே! அவ பாட்டு ஒண்ணுகூட நாங்க கேக்காம விட்டதில்லையே!" என்று அழுதது.

மரங்கொத்தி அவர்களை ஏற இறங்கப் பார்த்தது. "வந்தீங்க, சரி. அது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது.



அன்பு மனசுக்குள் இருந்தால் மட்டும் போதாது. உரியவருக்கு அதை ஒரு சொல்லாலாவது உரிய நேரத்தில் தெரியப்படுத்திவிட வேண்டும்.